ஒரு வரலாற்று ஆசிரியரால் என்ன செய்ய முடியும்?

கேள்வி இதுதான்: "என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். கூட்டத்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஸ்பெஷல் கிளாஸ் கேட்கிறோம். சமூக அறிவியலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு வரலாற்று ஆசிரியரும் பள்ளியும் நினைத்தால் பிள்ளைகளைப் படிப்பில் முன்னேற்றி, ஊருக்கு உபயோகமான குடிமக்களாகவும் ஆக்க முடியுமா? எப்படி?"

முடியும். அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் வரலாறு நடத்திய அனுபவத்தில் தயங்காமல் சொல்கிறேன். படிப்பு ஒரு பக்கம், குடிமைப் பொறுப்பு ஒரு பக்கம் என்று கேள்வியில் பிரித்திருக்கிறீர்கள். வகுப்பில் இரண்டும் ஒன்றாகத்தான் வளரும். "இது உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? அவர் அப்போது அங்கே இருந்தாரா? வேறு யாராவது வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்கப் பழகிய பிள்ளை பெரிய கேள்விக்கு நன்றாக விடை எழுதும். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பாது. வளர்ந்து ஆளான பிறகு ஊராட்சியில் நிதி இல்லை என்று சொன்னால், கணக்கைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்கும்.

முதலில் மதிப்பெண்ணைப் பேசிவிடுவோம், ஏனென்றால் பெற்றோரின் கவலை அங்கேதான் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தாளில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் சேர்ந்து 100 மதிப்பெண். பல பள்ளிகளில் இதைக் கடக்க ஒரே வழிதான் தெரியும். புக் பேக் ஒரு மார்க்கை மனப்பாடம் செய், காலக்கோட்டுக்கு ஆண்டுகளை உருப்போடு, மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியலைக் கையில் கொடு. தேர்வு முடிந்த மறுவாரம் எதுவும் நினைவில் இருக்காது. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், தேர்ச்சி விழுக்காடு காட்ட வேண்டும், நடுவில் கணக்கு ஆசிரியர் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். அந்த நெருக்கடி எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் வரலாற்றில் தோற்கும் பிள்ளைகளில் பலருக்கு வரலாறு பிரச்சினையே இல்லை. ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்து, அது என்ன சொல்கிறது என்று பிடிக்க வராததுதான் பிரச்சினை. தமிழ்ப் பாடத்தை விட்டால் தொடர்ச்சியான உரைநடை அதிகம் இருப்பது வரலாற்றுப் புத்தகத்தில்தான். அதனால் வரலாற்று ஆசிரியர், அவர் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும், வாசிப்பு கற்றுத்தருகிற ஆசிரியரும்தான். தினமும் ஒரு பத்தியை ஒரு பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், இன்னொரு பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்லட்டும், மூன்றாவது பிள்ளை அதில் ஒரு கேள்வி கேட்கட்டும். ஒரு பத்திக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒரு பருவம் விடாமல் செய்தால் மற்றப் பாடங்களிலும் வித்தியாசம் தெரியும். கணக்கில் வாக்கியக் கணக்கு புரியாமல் திணறுகிற பிள்ளைக்கும் இந்த வாசிப்பு உதவும்.

அடுத்தது எழுத்து. 1806 வேலூர்ப் புரட்சிக்கான காரணங்கள் என்று ஒரு கேள்வி. புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குத் தடை என்று வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நான் வகுப்பில் கேட்பேன்: தலைப்பாகை பிடிக்காததற்காக மட்டும் ஒருவன் உயிரைக் கொடுப்பானா? திப்பு சுல்தானின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் ஏன் வைத்திருந்தார்கள்? திப்பு இறந்து அப்போது எத்தனை வருடம்? அப்புறம் ஒரு பிள்ளை எழுந்து, "ஏழு வருஷம்தான் சார் ஆச்சு, நிறையப் பேருக்கு ஞாபகம் இருந்திருக்கும்" என்று சொல்லும். அங்கேதான் காரணங்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. உடனடிக் காரணம் எது, உள்ளே வெகுநாளாகப் புகைந்தது எது என்று பிரித்து எழுதத் தெரிந்துவிட்டால், பிரெஞ்சுப் புரட்சியானாலும் முதல் உலகப் போரானாலும் அதே முறையில் எழுதலாம்.

இந்தத் திறமை பள்ளியோடு முடிவதில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளின் பொது அறிவுப் பகுதியில் தேசிய இயக்கம், அரசியலமைப்பு, தமிழக வரலாறு, சமூக அரசியல் இயக்கங்கள் எல்லாம் வருகின்றன. பட்டம் வாங்கிய இளைஞர்கள் அகாடமிகளில் பணம் கட்டிச் சேர்ந்து, முதல் நாளிலேயே ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். எந்தப் பீரியடைப் பள்ளியில் வேறு பாடத்துக்குக் கொடுத்தோமோ அதைப் பிற்பாடு காசு கொடுத்து வாங்குகிறோம். அப்படியிருந்தும் பிளஸ் ஒன்னில் வரலாறு குரூப் என்றால் மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் என்ற எண்ணம் மாறவில்லை. சட்டம், இதழியல், ஆட்சிப்பணி, தொல்லியல், ஆசிரியப் பணி எல்லாவற்றுக்கும் அது நேர்வழி என்பதை எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்ல வேண்டும்.

சரி, குடிமக்கள் விஷயத்துக்கு வருவோம்.

குடிமையியல் என்ற பாடத்துக்கே ஒரு வரலாறு உண்டு. இந்தியப் பள்ளிகளுக்குள் அது நுழைந்தது ஆங்கிலேயர் காலத்தில். மக்களிடம் ராஜ விசுவாசம் குறைந்துவருகிறது என்ற கவலையின் பின்னணியில் அது வந்தது என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே எழுதியிருக்கிறது. கீழ்ப்படிய வைக்க வந்த பாடம் அது. இன்றும் பல வகுப்புகளில் நாடாளுமன்றத்துக்கு எத்தனை அவை, ஆளுநரை நியமிப்பது யார் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அதற்கு உயிர் கொடுக்க வேண்டுமென்றால் வரலாற்றோடு சேர்த்து நடத்த வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 வாக்கில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. புத்தகத்தில் நாலு வரி. 'குடவோலை முறை, பழங்கால மக்களாட்சி' என்று படித்துவிட்டுக் கடந்துவிடலாம். நான் அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன்.

முதல் நாள், கல்வெட்டு சொல்லும் விதிகளை மட்டும் கரும்பலகையில் எழுதுவேன். ஊர் 30 குடும்புகளாக, இன்றைய பேச்சில் சொன்னால் வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஊர்க் காரியங்களைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்குத் தகுதி பெற 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வரி கட்டுகிற கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலமாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் வசிக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கக் கூடாதே, அதற்காக. இந்த இடம் வந்ததும் வகுப்பே கையை விரித்துப் பார்க்கும்.

மறுநாள் ஒரே ஒரு கேள்வி: "நம் வகுப்பில் எத்தனை பேர் வீட்டிலிருந்து அந்தக் குடத்துக்குள் பெயர் போயிருக்கும்?" மெதுவாக ஒவ்வொன்றாகப் புரியும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமில்லாதவர், வேதம் படிக்கும் உரிமை இல்லாதவர், பெண்கள் யாருக்கும் அங்கே இடமில்லை. அந்த நேரத்தில் வகுப்பில் வரும் அமைதி எனக்கு முக்கியம். அதே சமயம், கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டினார்களே, அதையும் விட்டுவிடக் கூடாது. வியக்க வேண்டியதை வியந்து, யார் விடுபட்டார்கள் என்றும் கேட்கிற பிள்ளைதான் எனக்கு வேண்டும். பெருமையாக மட்டும் பேசினாலோ குறையாக மட்டும் பேசினாலோ அது வரலாறாகாது.

அங்கிருந்து நேராக வாக்குரிமைக்கு வந்துவிடலாம். 1921-ல் மதராஸ் மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது, ஆனால் சொத்துத் தகுதி இருந்தவர்களுக்கு மட்டும். எல்லா வயது வந்தோருக்கும் வாக்கு என்பது அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவால் வந்தது. 1951-52 பொதுத் தேர்தலுக்குப் பதினேழு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் ஒரு விஷயம் பெண் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கும். வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிவு செய்தார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பெயரில்லாமல் பதிவு கிடையாது என்று உறுதியாக இருந்தார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். அவர் செய்தது சரியா? இதை வைத்து விவாதம் நடத்தினால் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள். உன் பாட்டியின் பெயர் ரேஷன் அட்டையில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். அது அன்றைய வீட்டுப்பாடம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்த இடத்திலேயே, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 பற்றிச் சொல்லிவிடுவேன். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று 18 வயது நிறைந்ததா என்று கணக்கிட ஆண்டில் நான்கு தகுதி நாள்கள் இருக்கின்றன. ஜனவரி 25 வாக்காளர் தினத்தன்று வரிசையில் நின்று உறுதிமொழி எடுப்பதோடு நிறுத்தாமல், அன்று கணினி அறையைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்ப உதவினால் பாடம் கையில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் கல்வெட்டு தேவையில்லை. பிள்ளைகள் மத்தியானம் சாப்பிடும் தட்டே ஒரு வரலாற்று ஆவணம். 1920-ல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். 1956-ல் காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. முட்டை அதற்குப் பிறகு வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவு வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் யார் கேட்டார்கள், யார் எதிர்த்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, எந்தக் கட்சி ஆட்சி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் குழுவாகப் பிரிந்து தேடலாம். ஒரு திட்டம் எந்த ஒரு தலைவரும் தனியாகத் தூக்கிக் கொடுத்த பரிசு இல்லை, பல கைகள் மாறி, பல வாக்குவாதங்கள் தாண்டி வந்தது என்று அவர்களுக்கே தெரியவரும். அப்புறம் சாம்பாரில் குறை இருந்தால் எங்கே எழுதுவது, புகார்ப் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி தானாக வரும். வரட்டும்.

உள்ளூர் வரலாறு இன்னும் வளமான இடம். கீழடி என்றால் இன்று உலகத்துக்குத் தெரியும். 2014-15 காலத்தில் மத்தியத் தொல்லியல் துறை அங்கே வேலையைத் தொடங்கியது, பிறகு மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது, 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆனால் 1970-களிலேயே கீழடிப் பள்ளியில் ஒரு வரலாற்று ஆசிரியர் இருந்தார். கிணறு வெட்டியபோது பழைய பொருள்கள் கிடைத்ததாக ஊரில் பேச்சு வர, அவர் போய்ப் பார்த்தார், கிடைத்ததைப் பத்திரப்படுத்தினார், தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்தினார். அகழாய்வு வர நாற்பது வருடம் ஆயிற்று. "ஏதோ ஓட்டுத் துண்டு, தூக்கிப் போடுங்கப்பா" என்று அவர் சொல்லியிருந்தால் அந்தத் தகவல் அன்றே போயிருக்கும். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடத்தி, கல்வெட்டு வாசிக்கவும் பானை ஓடுகளை அடையாளம் காணவும் பிள்ளைகளைப் பழக்கியதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. அதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. ஊரில் ஏரி மடைக்கல்லோ, நடுகல்லோ, பழைய சத்திரமோ இல்லாத இடம் குறைவு. எதுவுமே இல்லை என்றாலும் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இருப்பார். ஊருக்குக் கரண்ட் எப்போது வந்தது, முதலில் பத்தாவது முடித்த பெண் யார், மேல்நிலைத் தொட்டி யார் கேட்டு வந்தது, எந்தத் தெருவுக்குக் கடைசியாகத் தண்ணீர் வந்தது என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். இரண்டு பாட்டிகள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஏன் என்று யோசிப்பதில்தான் வரலாறு படிக்கிற மூளை உருவாகிறது.

2012-ல் லக்னோவில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்டாள். காந்திக்குத் தேசத்தந்தை என்ற பட்டத்தை எந்த உத்தரவின் மூலம் கொடுத்தார்கள் என்று பிரதமர் அலுவலகத்தைக் கேட்டாள். மனு உள்துறைக்குப் போய், அங்கிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், அப்படி ஆவணம் எதுவும் இல்லை என்ற பதில் வந்தது. காந்தி அந்தப் பெயரை அரசாணையால் பெறவில்லை, மக்கள் வாயால் பெற்றார் என்று ஒரு சிறுமி நாட்டுக்கே பாடம் நடத்திவிட்டாள். பத்து ரூபாய்க் கட்டணம், பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், 30 நாளில் பதில். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குடிமக்கள் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. கடிதம் எழுதும் பயிற்சியைத் தமிழ் ஆசிரியரோடு சேர்ந்து வரலாற்று ஆசிரியர் நடத்தலாம். 'ஐயா, எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவருக்கு எந்த ஆண்டில் எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது?' என்ற ஒரு வரியைத் தெளிவாக எழுதத் தெரிவது சாதாரணமானதில்லை.

இனி, ஆசிரியர்கள் தொடத் தயங்கும் இடம். சாதி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிகளில் சாதி வேற்றுமையைத் தடுப்பது பற்றி ஆராய அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை அதில் பேசப்பட்டது. கயிற்றை அறுத்துவிடலாம். அதன் பின்னால் இருக்கும் கதையை யார் அறுப்பது? 'நம்ம ஆளுங்க ராஜ பரம்பரை, அவனுங்க நமக்கு அடங்கியிருந்தவனுங்க' என்ற கதை ஒரு பையனுக்கு வீட்டிலும் சுவரொட்டியிலும் ரீல்ஸிலும் வந்துகொண்டே இருக்கிறது. அது போலி வரலாறு. அதை எதிர்கொள்ள வேண்டியவர் வரலாற்று ஆசிரியர். அவர் ஒதுங்கினால் வேறு யாரும் இல்லை.

நான் இதை ஊராட்சித் தேர்தலை வைத்து நடத்துவேன். 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது, பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகளில் ஒதுக்கீடு வந்தது. மதுரை மாவட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவரான முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தனித்தொகுதி என்ற காரணத்துக்காகவே பத்து ஆண்டுகளாகத் தலைவர் பதவி இயங்க முடியவில்லை. மனு போட ஆளில்லை, போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006-ல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பில் நீடித்தார்கள். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகொண்டார். இத்தனையும் நம் மாநிலத்தில், இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வாழும் காலத்தில் நடந்தவை. உத்திரமேரூர்க் குடத்துக்குள் யார் பெயர் போகவில்லை என்று யோசித்த வகுப்புக்கு இது சட்டென்று பிடிபடும்.

நடத்துவதில் நுட்பம் வேண்டும். எந்தப் பிள்ளையையும் 'உங்க ஆளுங்க என்ன நினைக்கிறாங்க?' என்று கேட்கக் கூடாது. சாதிப் பெயரைச் சொல்லி எழுப்பிவிடக் கூடாது. சட்டப் பிரிவு, தீர்ப்பு, பத்திரிகைச் செய்தி என்று ஆவணத்திலிருந்து தொடங்க வேண்டும், அப்போது பேச்சு ஆவணத்தைப் பற்றி இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி இருக்காது. தலைமை ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். பெற்றோர் யாராவது கோபமாக வந்தால் பாடப்புத்தகப் பக்கத்தையும் ஆவணத்தையும் எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

ஆசிரியர் தன் கட்சி, தன் கருத்து எதையும் சொல்லலாமா என்றும் கேட்பார்கள். இதில் ஜெர்மனியின் அனுபவம் எனக்கு உதவியாக இருந்தது. நாஜிகளின் காலத்தில் பள்ளிக்கூடமே பிரசாரக் கூடமாக இருந்ததைப் பார்த்த நாடு அது. 1976-ல் பாய்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கல்வியாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து மூன்று நெறிகள் உருவாயின. மாணவர் சுயமாக யோசிக்க இடம் கொடுக்காமல் ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது. சமூகத்திலும் ஆய்வுலகிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்கப்பட வேண்டும். மாணவர் தன் நிலையையும் தன் நலனையும் ஆராய்ந்து செயல்படக் கற்க வேண்டும். இதை நான் இப்படிப் பின்பற்றுகிறேன்: மாநில சுயாட்சி, மொழிக்கொள்கை, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், ஒதுக்கீட்டின் அளவு போன்றவற்றில் எல்லாத் தரப்பின் வலுவான வாதத்தையும் முன்வைப்பேன், என் கருத்தைக் கேட்டால் கடைசியில் சொல்வேன். தீண்டாமை சரியா தவறா என்பதில் இரண்டு தரப்பு கிடையாது. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு அதை ஒழித்துவிட்டது. அங்கே நடுநிலை காட்டுகிற ஆசிரியர் கடமையிலிருந்து தவறுகிறார்.

இதெல்லாம் ஓர் ஆசிரியரின் ஆர்வத்தை மட்டும் நம்பி ஓடாது. அவர் மாற்றலாகிப் போனால் மன்றமும் போய்விடும். பள்ளி செய்ய வேண்டியவை சில உண்டு. சமூக அறிவியல் பீரியடை யாரும் எடுக்கக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஓர் உறுதி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம், பள்ளி தானே ஒரு சின்னக் குடியரசாக நடந்துகொள்ள வேண்டும். உயரமான பையனையோ நிறைய மார்க் வாங்கும் பெண்ணையோ ஆசிரியர் கை காட்டி வகுப்பு லீடராக்கிவிட்டு, அடுத்த பீரியடில் மக்களாட்சி நடத்தினால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? வேட்புமனு, பிரசாரம், ரகசிய வாக்கு, எல்லார் முன்னிலையிலும் எண்ணிக்கை என்று முறையாகத் தேர்தல் நடக்கட்டும். ஜெயித்தவருக்கு உண்மையான வேலை இருக்கட்டும்: நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம், கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, குடிநீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள். பருவ முடிவில் வகுப்பின் முன் நின்று என்ன செய்தேன், என்ன முடியவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் அடுத்த முறை நிற்கக் கூடாது. அந்த விதி எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே தெரியும்.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர்களுக்குத்தான் அங்கே தீர்மானத்தில் பங்கு, ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோரோடு போய் உட்கார்ந்து பார்க்கலாம். எத்தனை பேர் வந்தார்கள், பெண்கள் பேசினார்களா, வரவு செலவு வாசிக்கப்பட்டதா, வாசித்தது புரிந்ததா என்று குறித்துவந்து வகுப்பில் பேசச் சொல்லுங்கள். என் மாணவிகள் சிலர் அப்படிக் குறித்துவந்தவற்றில் இருந்த கவனம் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது.

நீங்கள் மேலாண்மைக் குழுவில் இருப்பதே ஒரு வரலாற்றின் பலன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 21-ஆம் பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் குழுவின் வேலை. அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். கால அட்டவணையில் உள்ள சமூக அறிவியல் பீரியடுகள் உண்மையில் நடக்கின்றனவா? தொன்மை மன்றமோ வாக்காளர் மன்றமோ பதிவேட்டில் மட்டும் இருக்கிறதா, கூடுகிறதா? வருடத்துக்கு ஒரு களப்பயணத்துக்கு, பக்கத்து ஊர்க் கோயில் கல்வெட்டோ மாவட்ட அருங்காட்சியகமோ போய்வர, வண்டிச் செலவை வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க முடியுமா? கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். அது ஏறாவிட்டால் அடுத்த கூட்டத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

மகளிடமும் ஒரு வேலை கொடுக்கலாம். அந்தக் கூட்டத்துக்குப் போவதற்கு முன், உங்கள் பள்ளி எந்த வருடம் ஆரம்பிக்கப்பட்டது, முதலில் யார் இடம் கொடுத்தார்கள், முதல் வருடம் எத்தனை பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் அனுமதி கொடுப்பார். வரலாற்று ஆசிரியர் கூட உட்கார்ந்து உதவுவார்.